'ஏறக்குறைய' என்பது எதுவரை செல்லும்?

நமது அன்றாடப் பேச்சில் 'ஏறக்குறைய', 'சுமார்', 'கிட்டத்தட்ட' என்ற சொற்கள் இல்லாமல் ஒரு நாள் கழிவதில்லை. ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டால் சுமார் பத்து கிலோமீட்டர் என்கிறோம். எப்போது வருவீர் என்று கேட்டால் அஸருக்குக் கிட்டத்தட்ட வந்து விடுவேன் என்கிறோம். இதில் குற்றமொன்றும் இல்லை. உலக வாழ்வு இவ்வாறுதான் நடந்து வருகின்றது.

ஆனால் இதே சொல்லை மார்க்கக் காரியங்களில் எடுத்தாளும்போது நம்மவர்களில் இரு சாராரைக் காண்கிறோம். ஒரு சாரார் எல்லாவற்றிலும் 'ஏறக்குறைய சரிதான்' என்று சொல்லித் தம்மைத் தாமே தேற்றிக் கொள்பவர்கள். மற்றொரு சாரார், இம்மி பிசகினாலும் அமல் வீணாகி விடுமோ என்று அஞ்சி, ஒளுவைத் திரும்பத் திரும்பச் செய்து, தக்பீரைத் திரும்பத் திரும்பக் கட்டி, தம்மையும் வருத்திப் பிறரையும் வருத்துபவர்கள். முன்னவரிடம் இருப்பது அலட்சியம். பின்னவரிடம் இருப்பது வஸ்வாஸ். இவ்விரண்டுக்கும் இடையே நமது ஃபுகஹாப் பெருமக்கள் செவ்வையானதொரு பாதையை அமைத்துத் தந்திருக்கிறார்கள். அதைச் சற்று விளங்கிக் கொள்வதே இப்பாடத்தின் நோக்கம்.

தஹ்தீத், தக்ரீப்

மார்க்கத்தில் அளவு குறிக்கப்பட்டுள்ளவற்றை நம் இமாம்கள் இரண்டு வகையாகப் பிரிக்கிறார்கள். ஒன்று தஹ்தீத், மற்றொன்று தக்ரீப். 'ஹத்து' என்றால் எல்லை. குறித்த அளவு எல்லைக்கல்லைப் போல் நிற்குமானால் அது தஹ்தீத். அதில் அணுவளவு குறைந்தாலும் சட்டம் மாறிவிடும். 'குர்பு' என்றால் நெருக்கம். குறித்த அளவுக்கு மிக நெருங்கி இருப்பதும் அந்த அளவாகவே கருதப்படுமானால் அது தக்ரீப்.

இங்கே ஒன்றை நன்கு கவனிக்க வேண்டும். தக்ரீப் என்பதற்கு 'எப்படியாவது இருந்துவிட்டுப் போகட்டும்' என்பது பொருளன்று. தக்ரீபுக்கும் நடுவே ஓர் அளவு உண்டு. அந்த அளவிலிருந்து எவ்வளவு விலகலாம் என்பதற்கும் ஒரு வரம்பு உண்டு. வரம்பில்லாத 'ஏறக்குறைய' என்று ஒன்று ஃபிக்ஹில் கிடையாது.

எது தஹ்தீத், எது தக்ரீப் என்று அறிவது எவ்வாறு? ஹிஜ்ரி 676ல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் இதற்கொரு காரணம் கூறுகிறார்கள். மார்க்க ஆதாரத்திலேயே எண் தெளிவாக வந்திருந்தால் அதில் ஒரு ஹிக்மத் இருக்கிறது. அதை மீற நமக்கு உரிமையில்லை. இமாம்கள் ஆராய்ந்து, இஜ்திஹாத் செய்து கண்டுகொண்ட அளவாக இருந்தால், அதை நெருங்கி நிற்பதும் கருத்தில் அதைப் போன்றதே. இந்தக் காரணத்தை மனத்தில் கொண்டால் பல மஸ்அலாக்கள் எளிதில் விளங்கும்.

சட்டமே தக்ரீபாக இருப்பவை

இதற்குச் சிறந்த உதாரணம் ஷாஃபிஈ மத்ஹபின் குல்லத்தைன் அளவு. தண்ணீர் இரண்டு குல்லா அளவை அடைந்துவிட்டால், அதில் நஜீஸ் விழுந்தாலும், நிறம், சுவை, வாடை மாறாத வரை அது அசுத்தமாவதில்லை. இரண்டு குல்லா என்பது எவ்வளவு? குல்லா என்பது ஒரு பெரிய மண்சாடி. ஹஜர் என்னும் ஊரின் சாடிகளைத் தாம் கண்டதாகவும், ஒரு சாடி இரண்டு தோல் துருத்தித் தண்ணீரோ, இரண்டு துருத்தியும் இன்னும் சிறிதுமோ கொள்ளும் என்றும் இப்னு ஜுரைஜ் (ரஹ்) அவர்கள் கூறினார்கள். அந்தச் 'சிறிது' எவ்வளவு என்று அவர்கள் கூறவில்லை. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் பேணுதலுக்காக அதை அரைத் துருத்தி என்று எடுத்துக் கொண்டார்கள். ஆக இரண்டு குல்லா ஐந்து துருத்தியாயிற்று. ஒரு துருத்திக்கு 100 ராத்தல் என்று பின்வந்தவர்கள் கணக்கிட்டார்கள். ஐந்துக்கு 500 பக்தாது ராத்தல். (நம் நாட்டில் வழங்கிய ராத்தல் என்ற சொல்லும் அரபுச் சொல்லின் வழி வந்ததே. ஆயினும் அந்த எடை வேறு, பக்தாது ராத்தல் வேறு.)

பார்த்தீர்களா? சாடியிலிருந்து துருத்திக்கும், துருத்தியிலிருந்து ராத்தலுக்கும் வந்து சேர்ந்த கணக்கு இது. ஒவ்வொரு படியிலும் மதிப்பீடு கலந்திருக்கிறது. இவ்வாறு பிறந்த 500ஐ எடுத்துக் கொண்டு, '499 ஆனால் அசுத்தம், 500 ஆனால் சுத்தம்' என்று கூறுவது எப்படிப் பொருந்தும்? எனவேதான் இந்த அளவு தக்ரீப் என்பதே மிகச் சரியான சொல் என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் முடிவு கூறினார்கள். ஒன்றிரண்டு ராத்தல் குறைந்தால் பாதகமில்லை என்றும் கூறப்பட்டுள்ளது. தக்ரீபுக்கும் வரம்பு உண்டு என்று மேலே நாம் சொன்னது இதுதான். ஐந்நூறுக்கு இரண்டு குறைவது மன்னிக்கப்படும். ஐம்பது குறைந்தால் அது குல்லத்தைன் அன்று.

சதுரமான தொட்டியானால் நீளம், அகலம், ஆழம் ஒவ்வொன்றும் ஒன்றேகால் முழம் இருக்க வேண்டும் என்று கிதாபுகளில் உள்ளது. முழத்தை 48 செ.மீ. என்று கொண்டால் ஒவ்வொரு பக்கமும் 60 செ.மீ.; தண்ணீர் 216 லிட்டர். முழத்தை 46 செ.மீ. சொச்சம் என்று கொண்டால் சுமார் 192 லிட்டர். நூல்களில் லிட்டர்க் கணக்கு வேறுபட்டுக் காணப்படுவதற்கு இதுவே காரணம். இதைக் கண்டு வாசகர்கள் குழம்ப வேண்டியதில்லை. வீட்டில் தொட்டி கட்டுபவர் 190ஆ, 216ஆ என்று வாதிட்டுக் கொண்டிராமல், 250 அல்லது 300 லிட்டர் கொள்ளும்படிக் கட்டிவிட்டால் பேச்சுக்கே இடமில்லை.

ஹனஃபீ மத்ஹபில் ஹவுளுக்குப் பத்து முழத்துக்குப் பத்து முழம் என்று கூறப்படுவதை நாம் அறிவோம். அங்கும் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் அடிப்படைக் கருத்து, தண்ணீரைப் பயன்படுத்துபவரின் மிகைத்த எண்ணத்துக்கே அதை விட்டுவிடுவதுதான். பாமர மக்கள் தடுமாறாமல் இருப்பதற்காகப் பின்வந்த உலமாக்கள் பத்துக்குப் பத்து என்று வரையறுத்துக் கொடுத்தார்கள். இதுவும் மக்களின் சிரமம் நீங்க எழுந்ததோர் ஏற்பாடே.

இரண்டாவது உதாரணம்: பள்ளிக்கு வெளியே திறந்தவெளியில் ஜமாஅத் நடக்கும்போது, இமாமுக்கும் பின்பற்றுபவருக்கும் இடையே 300 முழத்துக்கு மேற்பட்ட தூரம் இருக்கலாகாது. நம் அளவில் இது 140 மீட்டர் அளவு வரும். ஈத்காஹ் மைதானங்களில் இந்த மஸ்அலா தேவைப்படும். இவ்வளவு தூரத்துக்குள் இருப்பவர்களையே மக்கள் 'ஓரிடத்தில் கூடியிருப்பவர்கள்' என்று வழக்கத்தில் கருதுவார்கள் என்பதே இதற்குக் காரணம். வழக்கத்திலிருந்து எடுக்கப்பட்ட அளவாதலால் இதுவும் தக்ரீப். மூன்று முழம் கூடினால் கெடுதியில்லை. பள்ளிவாசலுக்கு உள்ளே என்றால், இமாமின் அசைவுகள் தெரிந்திருக்கும் வரை இந்த தூரக் கணக்கே கிடையாது.

மூன்றாவது உதாரணம்: ஹைளு ஏற்படக்கூடிய மிகக் குறைந்த வயது பிறைக் கணக்கில் ஒன்பது ஆண்டுகள். இதுவும் தக்ரீப். ஆயினும் எவ்வளவு முந்தலாம் என்பதை எவ்வளவு நுணுக்கமாகக் கணக்கிட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஹைளின் குறைந்த அளவு ஒரு பகல் ஓர் இரவு. இரு ஹைளுக்கு இடையே சுத்தத்தின் குறைந்த அளவு 15 நாட்கள். இரண்டும் சேர்ந்து 16 நாட்கள். ஒன்பது ஆண்டுகள் நிறைவதற்கு 16 நாட்களுக்கும் குறைவாகவே பாக்கியிருக்கும்போது உதிரம் கண்டால் அது ஹைளு. அதற்கு முன் கண்டால் அன்று. 'ஏறக்குறைய' என்ற சொல்லுக்கே இப்படிக் கணக்குப் போட்டு எல்லை வகுத்தவர்கள் நம் முன்னோர்கள்!

சட்டம் தஹ்தீத், நம் கருவி தக்ரீப்

இனி, பலர் தடுமாறும் இடத்துக்கு வருகிறோம். சில விஷயங்களில் அல்லாஹ்வும் ரஸூலும் விதித்த அளவு திட்டமானது. ஆனால் அதை அளந்தறிய நம்மிடமுள்ள கருவிதான் முழுத் திட்டமானதாக இல்லை. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக் கொண்டு, 'சட்டமே உத்தேசம்தான்' என்று சொல்லிவிடக் கூடாது.

ஸதகத்துல் ஃபித்ரை எடுத்துக் கொள்வோம். ஒரு ஸாவு என்பது நாயகம் (ஸல்) அவர்கள் காலத்து முகத்தல் அளவை. நாமோ அரிசியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறோம். ஒரே படியில் அளந்தாலும் ஓர் அரிசி கனக்கும், மற்றோர் அரிசி இலேசாக இருக்கும். இதனால்தான் இரண்டரை கிலோ என்றும், மூன்று கிலோ என்றும் வெவ்வேறு அறிவிப்புகள் வருகின்றன. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் இதையும் அன்றே கண்டு சொல்லியிருக்கிறார்கள். ஸாவை எடையால் குறிப்பது தக்ரீப்தான். அசல் அளவை கிடைக்காதவர், எது குறைந்துவிடாது என்று உறுதியாகத் தெரிகிறதோ அவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது அவர்களின் தீர்ப்பு. நடுத்தரக் கையுள்ள ஒருவர் இரு கைகளாலும் நான்கு முறை அள்ளும் அளவு என்று உலமாக்களில் ஒரு சாரார் கூறியிருப்பதையும் அங்கே எடுத்துக் காட்டுகிறார்கள்.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் என்ன? கருவி சந்தேகத்துக்கு இடமளித்தால், கடமை நிறைவேறும் பக்கமாகச் சாய வேண்டும். நம் சௌகரியத்தின் பக்கமாகச் சாயக் கூடாது. இரண்டு கணக்கில் குறைந்ததைத் தேடிப் பிடித்து ஏழையின் அரிசியைக் குறைப்பது தக்ரீப் அன்று.

ஸக்காத்தும் அவ்வாறே. தங்கத்தின் நிஸாபு 20 மிஸ்கால். இது தஹ்தீத். ஆனால் இதை கிராமாக்கும்போது 85 கிராம் என்றும், 87.48 கிராம் என்றும் இரு கணக்குகள் உள்ளன. சேமிப்பாகத் தங்கம் வைத்திருக்கும் ஒருவரிடம் பத்தே முக்கால் பவுன், அதாவது 86 கிராம், ஓராண்டு நிறைந்து கிடக்கிறது. ஒரு கணக்கில் ஸக்காத் உண்டு, மற்றொன்றில் இல்லை. அவர் தம் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டு நடப்பதே முறை. இருந்தாலும், இந்த ஒன்றிரண்டு கிராம் இடைவெளிக்குள் புகுந்து வெளியேறிவிடப் பார்ப்பதைவிட, இரண்டு கிராம் தங்கத்தின் பெறுமானத்துக்கும் சற்று மேற்பட்டதைக் கொடுத்துப் பொறுப்பிலிருந்து நீங்குவது பேணுதலான வழியாகும்.

நோன்பு திறப்பதைப் பாருங்கள். சூரிய வட்டம் முழுவதும் மறைவதே மஃரிபு. இதில் 'ஏறக்குறைய மறைந்துவிட்டது' என்பதற்கு இடமில்லை. சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் தீர்க்கரேகையில் மூன்று பாகைக்கு மேல் வித்தியாசம். ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். ஆகவே கோயம்புத்தூரில் சூரியன் சுமார் 13 நிமிடம் பிந்தி மறைகிறது. பருவத்துக்கேற்ப இது சில நிமிடம் கூடும், குறையும். செல்பேசியில் ஊர்ப் பெயர் சென்னை என்றிருக்க, அதில் ஒலித்த பாங்கைக் கேட்டுக் கோயம்புத்தூரில் ஒருவர் பேரீச்சம்பழத்தை வாயிலிட்டால், பகலெல்லாம் பட்டினி கிடந்த நோன்பைக் கடைசி நிமிடங்களில் இழந்தவராகிறார். நன்கு ஆராய்ந்து, மறைந்துவிட்டது என்று எண்ணித் திறந்தாலும், பின்னர் பகல் பாக்கியிருந்தது தெரிய வந்தால் ஷாஃபிஈ மத்ஹபில் அந்த நோன்பைக் களாச் செய்ய வேண்டும். ஆராயாமல் திறந்தவரின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

கிப்லாவும் இவ்வகையைச் சேர்ந்ததே. நம் தமிழகத்தில் கிப்லா நேர்மேற்கு என்று பலர் எண்ணியிருக்கின்றனர். உண்மையில் சென்னையில் அது மேற்கிலிருந்து வடக்கே சுமார் 18 பாகை சாய்ந்திருக்கிறது. காயல்பட்டினம் போன்ற தென்கோடிக் கடற்கரை ஊர்களில் இச்சாய்வு 23, 24 பாகை ஆகிறது. கஃபாவின் ஒவ்வொரு பக்கமும் 11 முதல் 13 மீட்டர்தான். சென்னையில் ஒரே ஒரு பாகை பிசகி நின்றாலும் மக்காவில் அது ஏறத்தாழ 70 கிலோமீட்டர் விலகல்! ஆகவே நம்மில் எவரும் கஃபாவின் சுவருக்கு நேரே மயிரிழை பிசகாமல் நிற்கிறோம் என்று சொல்லிவிட முடியாது. ஹனஃபீ மத்ஹபில் தூரத்திலுள்ளவருக்குத் திசையே கிப்லா. ஷாஃபிஈ மத்ஹபில் கஃபாவையே நோக்க வேண்டும். ஆனால் தூரத்திலுள்ளவருக்கு மிகைத்த எண்ணம் போதும். அல்லாஹுத்தஆலா நம்மிடம் கேட்பது முயற்சியை. இதை விளங்கியவர், கால் விரல் சற்றுத் திரும்பிவிட்டதே என்று தக்பீரைக் கலைக்க மாட்டார். அதே சமயம், கிப்லா எத்திசையில் சாய்ந்திருக்கிறது என்று தெரிந்த பின்பும் சோம்பலால் நேர்மேற்கே நின்று கொண்டு 'எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான்' என்றும் சொல்ல மாட்டார்.

தக்ரீபுக்கு இடமே இல்லாதவை

மூன்றாவது வகையில் சட்டமும் திட்டமானது. அதை நிறைவேற்றுவதும் நம் கைக்கு எட்டியது. இங்கே ஊகத்துக்கு வாசலே கிடையாது.

எண்ணிக்கைகள் அத்தகையவை. நாய் வாயிட்ட பாத்திரத்தைக் கழுவுவது ஏழு முறை. மினாவில் ஒவ்வொரு ஜம்ராவுக்கும் கல் ஏழு. காலுறை மீது மஸஹு செய்வது ஊரிலிருப்பவருக்கு ஒரு பகல் ஓர் இரவு, பயணிக்கு மூன்று. லுஹரில் மூன்று ரக்அத்தா, நான்கா என்று ஐயம் வந்தால், 'நான்குதான் இருக்கும்' என்று ஊகித்து ஸலாம் கொடுக்கலாகாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். உறுதியான மூன்றை எடுத்துக் கொண்டு, ஒன்றைச் சேர்த்துத் தொழுது, ஸஜ்தா ஸஹ்வும் செய்ய வேண்டும்.

கொடுக்கல் வாங்கலில் இது இன்னும் கடுமையானது. தங்கத்துக்குத் தங்கம் மாற்றினால் இரண்டும் எடையில் சமமாக இருக்க வேண்டும். கைக்குக் கை மாற வேண்டும். சமமா இல்லையா என்று தெரியாமலிருப்பதே, சமமில்லை என்று தெரிந்ததைப் போன்றது என்பது ஃபுகஹாக்களின் விதி. இன்று நகைக்கடையில் நடப்பதென்ன? பழைய நகையைப் போட்டுப் புதிய நகை எடுக்கிறோம். சேதாரம் கழித்து, செய்கூலி கூட்டி, 40 கிராமுக்கு 36 கிராம் வாங்கி வருகிறோம். 'மதிப்பு ஏறக்குறைய சரிதானே' என்கிறோம். மதிப்பு சரியாக இருக்கலாம். எடை சரியாக இல்லை. அது ரிபாவில் சேர்ந்துவிடும். கைபரிலிருந்து உயர்ந்த பேரீச்சம்பழம் வந்தபோது, தாழ்ந்த ரகம் இரண்டு ஸாவு கொடுத்து இது ஒரு ஸாவு வாங்கப்பட்டது என்று அறிந்த நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். தாழ்ந்ததைக் காசுக்கு விற்று, அந்தக் காசால் உயர்ந்ததை வாங்கும்படி வழிகாட்டினார்கள். நமக்கும் அதுவே வழி. பழைய நகையை விற்றுப் பணத்தைக் கையில் வாங்கிக் கொண்டு, பிறகு புதிய நகையை விலைக்கு வாங்குங்கள். இரண்டு நிமிட வேலை. ஹராமிலிருந்து தப்பிக்கும் வேலை!

மார்க்கம் இங்கேயும் ஏழைகளின் தேவைக்காக ஒரு சலுகையைத் திறந்து வைத்தது. மரத்திலிருக்கும் பசும் பேரீச்சம்பழத்தை மதிப்பிட்டு, உலர்ந்த பழத்துக்கு விற்க 5 வஸ்க்குக்குக் குறைவான அளவில் அனுமதி உண்டு. இதற்கு அராயா என்று பெயர். சலுகைக்கும் எல்லை போடப்பட்டிருப்பதைக் கவனியுங்கள்.

மதிப்பீடு செய்பவரின் உள்ளம் எவ்வாறிருக்க வேண்டும் என்பதற்கு அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரலி) அவர்களின் வரலாறு சான்று. ஹிஜ்ரி 7ல் கைபர் வெற்றிக்குப் பின், அங்குள்ள யூதர்கள் விளைச்சலில் பாதியைத் தருவதாக ஒப்பந்தமாயிற்று. மரத்திலுள்ள கனிகளை மதிப்பிட அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரலி) அவர்களை நாயகம் (ஸல்) அவர்கள் அனுப்பினார்கள். மதிப்பைக் குறைத்துப் போடும்படி அவ்வூரார் நகைகளைக் காட்டி அவரை மயக்கப் பார்த்தனர். அவர் அதை வெறுத்து ஒதுக்கினார். தாம் நாயகத்தை நேசிப்பதோ, அவர்களை வெறுப்பதோ தம்மை அநீதிக்குத் தூண்டாது என்று சொல்லி, உள்ளதை உள்ளபடி மதிப்பிட்டார். இந்த நீதியால்தான் வானமும் பூமியும் நிலைபெற்றிருக்கின்றன என்று அவ்வூராரே ஒப்புக் கொண்டனர். தராசில்லாத இடத்தில் மதிப்பிடுபவரின் நெஞ்சமே தராசு. கண்மதிப்புத்தானே, யாருக்குத் தெரியப் போகிறது என்று அந்த ஸஹாபி எண்ணவில்லை.

குறி வைத்தவனுக்கே நெருக்கம்

நாயகம் (ஸல்) அவர்கள் நம் அமல்களைச் செவ்வையாகச் செய்யும்படியும், அதற்கு நெருங்கி நிற்கும்படியும் ஏவியிருக்கிறார்கள். ஹதீஸில் செவ்வை முதலில் வருகிறது. நெருக்கம் பிறகு வருகிறது. ஹிஜ்ரி 795ல் மறைந்த இப்னு ரஜப் (ரஹ்) அவர்கள் இதை அழகாக விளக்குகிறார்கள். செவ்வை என்பது அம்பு குறியில் தைப்பது போன்றது. நெருக்கம் என்பது குறி தவறினாலும் அதன் அருகே சென்று விழுவது. ஆனால் ஒரு நிபந்தனை: எய்தவன் குறியைத் தைக்கவே நாடியிருக்க வேண்டும்.

அந்த நிபந்தனையில்தான் நாம் மேலே கண்ட அனைத்தும் அடங்கியிருக்கின்றன. கண்ணை மூடிக் கொண்டு எய்தவனின் அம்பு குறிக்கு அருகில் விழுந்தாலும் அதை நெருக்கம் என்று சொல்ல மாட்டோம், அது தற்செயல். உற்று நோக்கி எய்தவனின் அம்பு விரற்கடை விலகினாலும் அவன் முயற்சி வீணாவதில்லை. எனவே சகோதரர்களே! இனி 'ஏறக்குறைய' என்ற சொல் நாவில் வரும்போது மூன்று கேள்விகளை நமக்கு நாமே கேட்டுக் கொள்வோம். இந்த அளவு இமாம்கள் இஜ்திஹாதால் கண்டதா, மார்க்கத்தில் எண்ணாகவே வந்ததா? நாம் அளந்தறிய முயன்றோமா, முயலாமலே ஊகித்தோமா? விட்டுப்போகும் சிறு அளவு எவருடைய உரிமை - அல்லாஹ் மன்னித்துவிட்டதா, ஓர் அடியானின் கைக்குச் சேர வேண்டியதா? இம்மூன்றுக்கும் நேர்மையாக விடை கண்டால் அலட்சியமும் போகும், வஸ்வாஸும் போகும்.

வல்ல அல்லாஹ் நம் அமல்களைச் செவ்வையாக்கி, அவற்றிலுள்ள குறைகளைத் தன் கருணையால் நிறைவு செய்து ஏற்றுக் கொள்வானாக! ஆமீன்.